விழித்திருப்பவளுக்கு விலக்கோ?

இரவு மணி மூன்று. ஊர் உறங்கிற்று. உறவினர் உறங்கினர். என் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துநீரும் உறங்கிவிட்டதோ என்று ஐயுறுமளவுக்குச் சொட்டு மெள்ள மெள்ள இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து ஊர்களில் அடுத்தடுத்துப் பேசி, ஆறாவது ஊர் மேடையிலே காய்ச்சலால் சாய்ந்து, ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் கிடத்தப்பட்டிருந்தேன். சாய்ந்தவனுக்குத் தூக்கம் வரவில்லை, தலையைத் திருப்பினேன். நாற்பது கட்டில்கள் கொண்ட கூடம். கூடத்தின் கோடியில் ஒரு மேசை. மேசையருகே செவிலி. அவர் முகத்திலே கைப்பேசியின் நீல ஒளி!

சினம் பிறந்தது எனக்கு. 'நாற்பது பேர் நோயில் துடிக்க, நர்சம்மாவுக்கு நள்ளிரவில் கேளிக்கையா?' என்று மனம் ஒரு வசனத்தையே எழுதி முடித்துவிட்டது. நாடகம் எழுதுகிறவனின் கெட்ட வழக்கம் இது. உண்மை வந்து சேருமுன் வசனம் வந்து சேர்ந்துவிடும்.

சற்று நேரத்தில் அவர் எழுந்து, கட்டில் கட்டிலாகப் பார்த்துவந்து, என் அருகில் நின்று சொட்டின் வேகத்தைச் சரிசெய்தார். "படம் பார்க்கிறீர்களோ, சிஸ்டர்?" என்றேன். என் குரலில் இருந்த குத்தல் அவருக்குப் புரியாமலில்லை.

"படமில்லை சார், பாடம்" என்றார்.

படத்துக்கும் பாடத்துக்கும் இடையே ஒரு துணைக்கால்தான் வேறுபாடு. அந்த ஒரு கால் என்னைத் தலைகுனிய வைத்தது, தோழர்களே!

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். முதியோருக்குத் தரப்படும் மருந்துகள் ஒன்றோடொன்று எவ்வாறு மோதும் என்பது பற்றிய ஆங்கிலப் பாடம். செவிலியர்க்கான முதுநிலைப் பட்டப்படிப்பின் பகுதி.

"எந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள்?"

"நான் படிக்கவில்லை சார். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.எஸ்சி. படித்தவள் அமெரிக்காவில், ஹூஸ்டனில், வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் இந்தப் பட்டம் படிக்கிறாள். அவளுக்கு ஐயம் வந்தால் என்னைக் கேட்பாள். அவளுக்குத் துணையாக நானும் படிக்கிறேன்."

"அவருக்குப் பட்டம் கிடைக்கும். உங்களுக்கு?"

"தூக்கம் வராமல் இருக்கும் சார்" என்று சிரித்துவிட்டு, ஏழாம் எண் கட்டிலில் முனகல் கேட்கவே விரைந்தார்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். என்னை எவரும் விரட்டவில்லை. கட்டணம் கட்ட வழியில்லாமலும் போகவில்லை. மேடை அழைத்தது, மேதாவியென்று என்னை நானே எண்ணிக்கொண்டு நடந்துவிட்டேன். திறந்து கிடந்த கதவை நானே சாத்திக்கொண்டு வந்தவன். ஆகவே பூட்டிய கதவின் முன்னே புத்தகத்தோடு நிற்கும் ஒருவரைக் காணும்போது எனக்கு ஏற்படும் கூச்சம் கொஞ்சமல்ல. அந்தக் கூச்சந்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை என்னை இந்தப் பொருள் பற்றி எழுதத் தூண்டுகிறது.

இரு தோழியர். ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே வெள்ளுடை. ஒருத்தி வளைகுடா சென்று, பின்னர் கடல் கடந்து அமெரிக்கா சென்றாள். மற்றொருத்தி 2015-ஆம் ஆண்டு நம் மாநில அரசின் தேர்வெழுதி, ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பல்லாண்டு காத்துக் காலமுறை ஊதியம் பெற்றாள். அங்கிருப்பவள் பணியை விடாமல் படிக்கிறாள். இங்கிருப்பவள் படிக்கவேண்டுமானால் பணியை விட்டு வெளியேற வேண்டும். அல்லது அரசின் அனுமதிக்கும் விடுப்புக்கும் வரிசையில் நிற்க வேண்டும். "நிற்கிறேன் சார், என் முறை வருவதற்குள் என் மூத்த பையன் கல்லூரிக்குப் போய்விடுவான்" என்றார் அவர், மறுநாள் இரவு. தனியார் மருத்துவமனையில் பணியாற்றும் பெண்ணுக்கு அந்த வரிசையும் இல்லை. அவளுக்கு விடுப்புக் கடிதம் எழுதத் தெரிந்தால் போதாது. விலகல் கடிதமும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்!

ஏன் இந்த வேறுபாடு? அமெரிக்கா பொன்னுலகம், நம் நாடு புன்னிலம் என்று கூறப்போகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கேயும் இருட்டு உண்டு, அதற்கும் வருவேன். முதலில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே மலைநாடு. நூறாண்டுக்கு முன்பு அங்கே சாலை கிடையாது, மருத்துவர் கிடையாது. மகப்பேறு என்றால் மரணத்தோடு சூதாட்டம். தன் இரு குழந்தைகளையும் பறிகொடுத்த மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற அம்மையார், அழுது ஓயவில்லை. செவிலிப் பயிற்சியோடு நில்லாமல், இங்கிலாந்து சென்று மகப்பேற்றுப் பயிற்சியும் பெற்று, 1925-ல் அந்த மலைநாட்டுக்குத் திரும்பி ஒரு தொண்டமைப்பைத் தொடங்கினார். அவருடைய செவிலியர் குதிரையேறிச் சென்றனர். ஆற்றைக் குதிரையோடு கடந்து, அடுக்களையில் விளக்கேற்றிப் பேறு பார்த்தனர். மலையேறிய அந்த மங்கையரில் பலர் இங்கிலாந்தில் பயின்றவர்கள். 1939-ல் போர் மூண்டதும் தம் நாட்டைக் காக்கத் திரும்பினர். ஆட்கள் போனார்களே, என்செய்வது? இனி நாமே பயிற்றுவிப்போம் என்று அவ்வாண்டே அங்கே பள்ளி தொடங்கப்பட்டது.

அந்தப் பள்ளி ஐம்பது ஆண்டுக் காலம் மாணவியரை மலைக்கு வரவழைத்தது. பிறகு ஓர் உண்மையை உணர்ந்தது: ஊரைவிட்டுப் படிக்க வருபவள், படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்புவதில்லை, எந்த ஊருக்குச் செவிலி தேவையோ அந்த ஊர்ப் பெண் படிக்க வரவும் இயலுவதில்லை. வீடும் வேலையும் பிள்ளைகளும் அவளைக் கட்டிப்போட்டிருக்கின்றன. ஆகவே 1989-ல் — இணையம் வீடுகளில் புகுமுன்பே — பாடத்தை மாணவியின் இல்லத்துக்கே அனுப்பும் முறையைத் தொடங்கிற்று. ஏட்டுப் பாடம் வீட்டில். பேறு பார்க்கும் பயிற்சி அவளுடைய ஊரிலேயே, தேர்ந்த ஒருவரின் கண்காணிப்பில். இடையிடையே சில நாட்கள் மட்டும் மலைக்கு வருகை. குதிரை சென்ற பாதையில் தபால் சென்றது. தபால் சென்ற பாதையில் பின்னர் கணினி சென்றது. அந்தப் பள்ளி இன்று ஒரு பல்கலைக்கழகம்.

இதை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இணையவழிப் படிப்பு என்றதும் நம்மிலே பலருக்கு நினைவு வருவது என்ன? வீட்டிலிருந்தபடியே பட்டம், விரைவில் பட்டம், விலை குறைவு என்று கூவும் விளம்பரம்! ஆனால் செவிலியர் கல்வியிலே தொலைவழி முறை வேரூன்றிய இடங்களில் ஒன்று, வணிகனின் கடை அல்ல, வழியில்லாத மலை. 'வரமுடியாதவளுக்கு எப்படிக் கற்பிப்பது?' என்று கேட்ட ஒருவரின் நெஞ்சம்.

பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார் மறைந்த 1965-ஆம் ஆண்டிலேயே, கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்டு என்னும் செவிலியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் இணைந்து வேறொரு புதுமையைச் செய்தனர். மேற்படிப்புப் பெற்ற செவிலி நோயாளியைத் தானே ஆய்ந்து, நோயறிந்து, சிகிச்சையளிக்கும் முறை. 'செவிலி மருத்துவம் பார்ப்பதா?' என்று எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. எதிர்த்தோரில் செவிலியரும் இருந்தனர்! இன்றோ அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிப் பயின்ற செவிலியர் மருத்துவரின் மேற்பார்வையின்றியே மருந்து எழுதித் தருகின்றனர். (நம் தோழி வாழும் டெக்சாஸ் அந்தப் பட்டியலில் இல்லை, அங்கே மருத்துவரின் ஒப்பம் இன்னும் வேண்டும்.) போர்டு அம்மையார் 2025 சனவரியில், 104-ஆம் வயதில் மறைந்தார். தான் நட்ட விதை மரமாகித் தோப்பாகி நிற்பதைக் கண்டுவிட்டே சென்றார்.

அங்கே முதுநிலைப் பட்டம் என்பது சுவரில் மாட்டும் அலங்காரமன்று. அதைப் பெற்றால் செவிலி மருந்தெழுதலாம், மகப்பேறு பார்க்கலாம், கற்பிக்கலாம், மருத்துவமனையை நிர்வகிக்கலாம். ஆகவேதான் ஹூஸ்டன் தோழி, மாலை ஏழு மணி முதல் காலை ஏழு மணிவரை வாரத்தில் மூன்று இரவுகள் விழித்துவிட்டு, மிஞ்சிய நாட்களில் படிக்கிறாள். இங்கே நம் செவிலி பின்னிரவு மூன்று மணிக்குப் பாடம் புரட்டும்போது, அங்கே பிற்பகல் மூன்றரை. பகலுறக்கம் கலைந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருமுன், அவளும் அதே பாடத்தைப் புரட்டுகிறாள். உலக உருண்டையின் இரு புறத்திலும் ஒரே பக்கம் திறந்திருக்கிறது!

இனி இருட்டுக்கு வருகிறேன்.

ஏட்டுப் பாடம் திரையில் வரும். நோயாளி திரையில் வரமாட்டார். ஆகவே குடும்ப மருத்துவச் செவிலியாக விரும்புபவர், தேர்ந்த ஒருவரின் கண்முன் நோயாளியரைப் பார்த்துப் பழக வேண்டும் என்பது விதி. முன்பு அதற்கு 500 மணி நேரம் என்றிருந்த குறைந்தபட்ச அளவை 2022-ல் வெளியான தேசியத் தரவிதிகள் 750 மணி நேரமாக உயர்த்தின. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமென்று கொண்டால் ஏறத்தாழத் தொண்ணூற்று நான்கு நாள். உயர்த்தியது நன்று, உயிரோடு விளையாடலாகாது. ஆனால் அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. பல கல்லூரிகளில் அந்த வழிகாட்டியைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பும் மாணவியின் தலையிலேயே! 'கட்டணம் வாங்கும்போது கல்லூரி அருகில் இருந்தது. வழிகாட்டி தேடும்போது காணாமற் போய்விட்டது' என்று தோழி எழுதியிருந்தாளாம். பதினேழு மருத்துவ நிலையங்களின் கதவைத் தட்டியிருக்கிறாள், பாவம். பெண் பார்க்கும் படலத்தைப் போல இது வழிகாட்டி பார்க்கும் படலம். வழிகாட்டியை அமர்த்தித் தருவதற்கென்றே தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள், தனிக் கட்டணத்தோடு!

அடுத்தது பணம். மருத்துவமனை முதலாளி தன் பணியாளரின் படிப்புக்கு ஆண்டுக்கு 5,250 டாலர் வரை தந்தால் அத்தொகைக்கு வரியில்லை என்று அந்நாட்டுச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் முழுக் கட்டணத்துக்குப் போதாது. மீதிக்குக் கடன். அந்தக் கடனிலேதான் கை வைத்தது 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டம். 2026 சூலை 1 முதல் புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்க்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர். 'தொழில்சார் பட்டம்' பயில்வோர்க்கு 50,000 டாலர் என இருவகை வரம்பு விதித்தது அது.

எது தொழில்சார் பட்டம்? 2025 நவம்பரில் அந்நாட்டுக் கல்வித் துறையின் குழு ஒப்புக்கொண்ட வரைவைப் பாருங்கள். மருத்துவம் உண்டு. சட்டம் உண்டு. பல் மருத்துவம் உண்டு. கால்நடை மருத்துவம் உண்டு. இறையியலும் உண்டு! செவிலியம்? இல்லை.

இறையியல் தொழில், செவிலியம் தொழிலன்று! உயிர் பிரிந்தபின் வழியனுப்பும் பாதிரியாரின் படிப்புக்கு 50,000. உயிர் பிரியாமல் பிடித்து நிறுத்தும் செவிலியின் படிப்புக்கு 20,500. மறு உலகத்துக்கு இருக்கும் மதிப்பு இந்த உலகத்துக்கு இல்லை போலும்! 'இது கடன் கணக்குக்கான பெயர்ப் பிரிவுதான், பெருமை சிறுமை பற்றியதன்று' என்று துறையினர் விளக்கமளித்தனர். செவிலியர் சங்கம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை, கொதித்தெழுந்தது. எப்படி ஏற்கும்? கணக்கேட்டில்தானே ஓர் அரசின் உள்ளம் தெரியும்!

நம் வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிபவன். அந்த நான்காமவனை அவர் அடிக்குறிப்பில் போடவில்லை. மற்ற மூவரோடு சரிநிகராக நிறுத்தினார். அந்தக் குழுவில் குறள் படித்த ஒருவரேனும் இருந்திருக்கலாம் என்ற ஆசை எனக்கு.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. 2023 சனவரியில் அமெரிக்க நடுவண் அரசு ஒரு மோசடியை வெளிப்படுத்தியது. புளோரிடா மாநிலத்துச் செவிலியர் பள்ளிகள் சில, பயிற்சியேதுமின்றி 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றிருந்தன; 25 பேர்மீது குற்றச்சாட்டு. அவற்றை வாங்கியோரில் ஏறத்தாழ 2,400 பேர் உரிமத் தேர்விலும் வென்றுவிட்டனர் என்பதுதான் திகில்! அது இணையவழி முதுநிலைப் படிப்பின் கதையன்று. நேரிலே நடந்ததாகக் காட்டப்பட்ட அடிப்படைப் படிப்பின் கதை. நேர்வகுப்பு என்ற பெயரே நேர்மைக்குச் சான்றாகிவிடாது என்பதையும் அது காட்டிற்று.

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

இங்கே நிலைமை ஒரே வரி. 2020 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட தொலைவழி, இணையவழிக் கல்வி விதிகள், அம்முறைகளில் நடத்தக்கூடாத படிப்புகளின் பட்டியலை வைத்தன. மருத்துவம், பொறியியல், சட்டம் என்ற வரிசையிலே செவிலியமும் அதில் உண்டு. இளநிலை, முதுநிலை என்ற பிரிப்பில்லை. பட்டியலில் பெயர் ஏறியது, பாதை அடைபட்டது.

அந்த விதியிலே நியாயமே இல்லையென்று நான் கூறமாட்டேன். பதினெட்டு வயதுப் பெண், ஊசி பிடித்தறியாதவள், திரையைப் பார்த்துத் திறமை பெற்றுவிட்டேன் என்று வந்து நின்றால், என் நரம்பை அவளிடம் நீட்ட நானே அஞ்சுவேன். தெருவுக்கொரு பட்டக்கடை திறக்கத் தெரிந்த நாடு நம் நாடு. அந்தக் கடைக்காரர் கையில் செவிலியர் கல்வி சிக்கினால் சீரழியும். ஆகவே பூட்டுப் போட்டார்கள். பூட்டு யார்மீது விழுந்தது என்பதே என் கேள்வி.

முதுநிலைப் படிப்பில் சேர வருபவள் யார்? இந்திய செவிலியர் மன்றத்தின் விதியே சொல்லுகிறது: இளநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண், அத்துடன் குறைந்தது ஓராண்டுப் பணியனுபவம். அதாவது, 'பணி செய்துவிட்டு வா' என்கிறார்கள். வந்து நின்றதும், 'பணியை விட்டுவிட்டு வா' என்கிறார்கள்! அனுபவத்தை வாசலில் நுழைவுச் சீட்டாக வாங்கிக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் கிழித்துப் போடுகிறார்கள். என் பக்கத்தில் நின்ற அந்தச் சகோதரி பத்தாண்டுக்கு மேல் நோயாளியரின் நடுவே நிற்பவர். அவருக்குத் திரையில் நோயாளியைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. அவர் திரும்பினால் நாற்பது கட்டில்! கட்டிலைத் தேடிக் கல்லூரிக்குப் போ என்று கட்டிலருகே நிற்பவரிடம் கூறுவது என்ன விந்தை!

இந்த நாடு இதற்குமுன் வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. 1990-களில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பட்டயம் மட்டுமே பெற்றுப் பணியிலிருந்த செவிலியருக்காக இளநிலைப் பட்டப்படிப்பைத் தொலைவழியில் நடத்தத் தொடங்கியது. ஏடு வீட்டுக்கு வந்தது. செய்முறைப் பயிற்சி மருத்துவமனையில், ஆசிரியர் முன்னிலையில் நடந்தது. பணியில் இருப்பதே அந்தப் படிப்புக்குத் தகுதியாக இருந்தது. இந்திய செவிலியர் மன்றமே வகுத்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான முதுநிலைப் படிப்பும், மருத்துவமனையிலே தங்கிப் பணியாற்றியபடி கற்கும் முறையில் அமைந்தது. பணியும் படிப்பும் பகையல்ல என்பதை இவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கையால் எழுதியதை மறுகையால் அழிப்பானேன்?

வரலாறு நமக்குப் புதிதுமன்று. 1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. இந்தியாவில் செவிலியர்க்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்ற எண்ணம் 1946-ல் செயலானபோது, தில்லியோடு தோளோடு தோள் நின்றது நம் வேலூர். முதுநிலைப் படிப்பு 1959-ல் தில்லியில் பிறந்தது. அன்று முன்னே நின்ற மண்ணின் மகளிர் இன்று மற்றவள் பாடத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பதுபோல் இரவிலே படிக்கவேண்டிய நிலை!

எதிர்க்கேள்விகள் வரும். வரட்டும்.

'பகலில் பாடம், இரவில் பணி என்றால் நோயாளியின் கதி என்ன? தூக்கக் கலக்கத்தில் மருந்து மாறிப்போனால்?' என்று கேட்பார் ஒருவர். நல்ல கேள்வி, நானே அந்த நோயாளியாகக் கிடந்தவன். அதனாலேதான் நான் கேட்பது, அவள் தூக்கத்திலிருந்து எடுத்துப் படிக்க அனுமதியை அல்ல. அவளுடைய பணிநேரத்திலிருந்து எடுத்துப் படிக்க உரிமையை! ஹூஸ்டன் தோழியின் வாழ்க்கையில் நான் கண்ட பெருங்குறை இதுதான். அமெரிக்கா அவளுக்குக் கதவைத் திறந்தது; நேரத்தைத் தரவில்லை. கற்றபின் அவளால் பயன்பெறப் போகும் மருத்துவமனை, கற்கும் காலத்து விழிப்பை அவள் கணக்கில் எழுதிவிட்டது. நாம் கதவைத் திறக்கும்போது அந்தக் கணக்கையும் சேர்த்துத் திருத்த வேண்டும். வாரத்தில் ஒரு பணிமுறை பாடத்துக்கென ஊதியத்தோடு விடப்பட வேண்டும். செய்முறைப் பயிற்சி மணிகள் பணிமணிகளாகவே எண்ணப்பட வேண்டும். வழிகாட்டியை அமர்த்துவது கல்லூரியின் கடமை. மாணவி கதவு தட்டித் திரியலாகாது.

'ஆள் பற்றாக்குறை, ஒருவரை விட்டால் கூடம் காலியாகிவிடும்' என்பார் இன்னொருவர், கோப்பைத் தட்டியபடி. இரண்டாண்டு முழு விடுப்பில் ஒருவரை அனுப்பினால் கட்டில் இரண்டாண்டு காலி. வாரத்தில் ஒரு பணிமுறை விட்டால்? கணக்கிட்டுப் பார்க்கட்டும் அந்தக் கனவான். ஆள் குறைவு என்பது பணியிடத்தை நிரப்ப வேண்டியவர் சொல்லும் சாக்கு; நிரப்பாத இடத்தில் நின்று உழைப்பவளிடம் சொல்லும் சமாதானமாக அது இருக்கலாகாது.

'கடை விரித்துவிடுவார்களே தனியார்?' மெய்தான். ஆகவே முதற்கட்டமாக இது அரசுப் பல்கலைக்கழகத்தின் கையில் மட்டும் இருக்கட்டும். மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று நமக்கு இருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வளர்ந்திருக்கின்றன. ஏட்டுப் பாடம் இணையத்தில். செய்முறை அந்த மருத்துவமனைகளில், பதிவேட்டில் மணி மணியாகக் குறிக்கப்பட்டு. தேர்வு நேரில், தேர்வாளர் கண்முன்னே, நோயாளியின் கட்டிலருகே. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பட்டமில்லை என்று சட்டத்திலே எழுதட்டும், நானே கைதட்டுவேன்.

ஆனால் எழுதவேண்டியவர் யார்? மருத்துவமனை மாநிலத்தின் பொறுப்பு. அங்கே செவிலிக்கு ஊதியம் தருவது மாநிலம். அவள் எப்படிப் படிக்கலாம் என்று விதிப்பதோ தில்லி! 1947-ஆம் ஆண்டுச் செவிலியர் மன்றச் சட்டத்தின் இடத்தில் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. 1926-லேயே செவிலியருக்கெனச் சட்டம் இயற்றிய மாநிலம் நம் மாநிலம். நமக்கு வேண்டிய செவிலியரை நாம் எவ்வாறு உயர்த்துவது என்று கேட்கும் உரிமையாவது நமக்கு வேண்டாமா? பட்டியலில் ஒரு சொல்லை மாற்றினாற் போதும்: செவிலியம் என்பதற்குப் பக்கத்தில், 'பணியிலிருப்போர் பயிலும் முதுநிலை நீங்கலாக' என்று. மை செலவு அதிகமாகாது.

பட்டம் பெற்றபின் என்ன என்பதையும் பேச வேண்டும். முதுநிலை முடித்தவளைக் கட்டிலருகிலிருந்து பிடுங்கிக் கல்லூரி மேசைக்கு அனுப்புவதே இன்றைய வழக்கம். அவள் கற்றது நோயாளிக்கு எட்டுவதில்லை. கட்டிலருகே நின்றபடியே உயரும் பதவியும் ஊதியமும் இல்லையென்றால், எந்த வழியில் படித்தாலும் அவள் விமானச்சீட்டைத்தான் தேடுவாள். தோழி தேடினாள்; குற்றம் கூற முடியுமா?

என் நாடகமொன்றில் ஒரு செவிலி வருவாள். மூன்றாம் காட்சி, ஒரே வசனம். "டாக்டர், நாடி விழுகிறது!" என்று கூவிவிட்டு ஓடிவிடுவாள். நூறு முறை மேடையேறியும் அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை என்பது அந்த மருத்துவமனைக் கட்டிலில்தான் எனக்கு உறைத்தது. ஆறாம் நாள் வீடு திரும்புமுன் அந்தச் சகோதரியிடம் இதைச் சொல்லி வருந்தினேன். "பெயர் இருக்கட்டும் சார். நாடி விழுகிறது என்று கூவிவிட்டு எந்த நர்சும் ஓடமாட்டாள். முதலில் அதைத் திருத்துங்கள்" என்றார். திருத்திக்கொண்டிருக்கிறேன்.

சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை வரும் நாளன்று நம் உறுப்பினர்கள் எழுந்து மூன்று கேள்விகள் கேட்கவேண்டுமென்று இந்தப் பகுதியின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஐந்தாண்டில் அரசுப் பணியிலுள்ள செவிலியரில் எத்தனை பேர் முதுநிலைப் படிப்புக்கு அனுமதி கேட்டனர்? எத்தனை பேருக்குக் கிடைத்தது? படித்து முடித்தவரில் எத்தனை பேர் மீண்டும் நோயாளியின் கட்டிலருகே நிற்கின்றனர்? அமைச்சர் தரும் எண்களை அப்படியே இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன். ஒரு படி அந்த மாவட்ட மருத்துவமனையின் இரவுப்பணி மேசைக்கும் போய்ச் சேரும்.